வைஜயந்தி உடைத்த பூட்டு

பாடசாலைப் பூட்டை உடைத்தவள் என்பதால் வைஜயந்தியை நாத்திகக்காரி என்று புணேத் தமிழர்களில் ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேரைவிட அவள் அதிகம் கோயிலுக்குப் போகிறவள். பிரதோஷம் தவறாது, ஏகாதசி தவறாது. வாய் மட்டும் சும்மா இருக்காது.

கட்கியில் அப்பாவின் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து, மராத்திப் பெண்களோடு கபடி ஆடி வளர்ந்தவள். தானே பரீட்சை எழுதி தேஹு ரோடு ராணுவ டெப்போவில் கிளார்க்காகச் சேர்ந்து, இப்போது ஆபீஸ் சூப்பரிண்டெண்டெண்ட். கணவன் கோவிந்தராஜன் புணே கேம்ப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதன். ஒரே பிள்ளை பிரணவ்.

பிரணவின் பூணூலன்று நடந்தது ஒன்றைச் சொன்னால் அவள் சுபாவம் புரிந்துவிடும். வாத்தியாருக்கு அன்று இன்னும் இரண்டு இடத்தில் முகூர்த்தம். மந்திரங்களை விழுங்கிக்கொண்டு ஓடினார். மணையில் உட்கார்ந்திருந்த வைஜயந்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "வாத்தியாரே, நடுவுல கொஞ்சம் காணாமப் போயிடுத்தே. மறுபடி சொல்லுங்கோ. நாங்க எங்கயும் போகலை" என்றாள். சபையே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் முகம் சுண்டிப்போனாலும் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். எட்டு வயது பிரணவ் அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான் போலிருக்கிறது. அதிலிருந்து அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. போனில் கார்ட்டூன் பார்க்கிற வயதில் ருத்ரம் கேட்டுக்கொண்டிருந்தான். பத்து வயதில், "நான் பாடசாலைக்குப் போறேன்" என்றான்.

கோவிந்தராஜனுக்கு உள்ளூரச் சந்தோஷம். "எல்லாரும் இன்ஜினியர் ஆறா. இவனா ஒண்ணு கேக்கறான். விடேன்" என்றான்.

வைஜயந்தி ஒரு வருஷம் பிடிவாதமாக மறுத்துப் பார்த்தாள். பையன் அவளைவிடப் பிடிவாதக்காரன். கடைசியில் தலேகாவ் தாண்டி மாந்தோப்புக்குள் இருந்த வேத பாடசாலைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அதை நடத்தியவர் பட்டாபிராமன். ராணுவக் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தத் தோப்பில் கொட்டியவர். பையன்களுக்குச் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் இலவசம். காலையில் சேஷு கனபாடிகள் ஒரு வரி சொல்ல, இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் அதை இரண்டிரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். மாமரத்துக் கிளிகள் எழுந்து பறக்கும். அதைக் கேட்டபோது வைஜயந்திக்கே கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மாமா, கணக்கும் இங்கிலீஷும் உண்டா?"

"மத்தியானம் ஒருத்தர் வரார். நீ கவலைப்படாதே" என்றார் பட்டாபிராமன்.

பெற்றோர் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிரணவ் உயரமானான், குரல் கனத்தது, குடுமி வளர்ந்தது. கேட்டால் எல்லாவற்றுக்கும் "நன்னா இருக்கேன்மா" என்றுதான் பதில்.

பதின்மூன்று வயதில் ஒரு சித்திரை மாதம் அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. போனில் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறு வரைக்கும் காத்திருக்க முடியாது என்று லீவு போட்டு, சின்ச்வடில் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, லோக்கல் ட்ரெயின் பிடித்து, ஷேர் ஆட்டோவில் தோப்புக்குப் போய் இறங்கினாள்.

உச்சி வெயில். ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. கனபாடிகள் யார் வீட்டிலோ ஹோமத்துக்குப் போயிருந்தார். சமையல்காரர் மார்க்கெட் போயிருந்தார். பிள்ளைகள் ஓய்வெடுக்கும் ஹாலின் வாசலில் இரும்பு கிரில் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பூட்டு வெளிப்பக்கம். பிள்ளைகள் உள்ளே.

தகரக் கூரை. ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் நின்றிருந்தது, கரண்ட் இல்லை. கிரிலைப் பிடித்துக்கொண்டு ஹர்ஷா என்று ஒரு சின்னப் பையன் நின்றான். எட்டு வயது இருக்கும். வயிற்றுப்போக்கு. வேஷ்டியெல்லாம் நனைந்து, வெட்கத்தில் அழக்கூடத் தெரியாமல் நின்றான். மற்றவர்கள் சுவரோரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

பிரணவ் எழுந்து வந்தான். "அம்மா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே."

"சாவி எங்கேடா?"

"சமையல் மாமா கிட்ட. வந்துடுவார்."

"எப்போப் போனார்?"

"சாப்பிட்டப்புறம். தினமும் பூட்டிட்டுத்தான்மா போவார். யாராவது ஓடிடுவான்னு." ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

டெப்போவில் தீத்தடுப்புப் பயிற்சி நடக்காத மாதம் கிடையாது. அங்கே கடைநிலை ஊழியர் முதல் கர்னல் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த விதி ஒன்று: உள்ளே ஒரே ஓர் ஆள் இருந்தாலும் வெளியே பூட்டு விழக் கூடாது. சிப்பாய்க்குச் செருப்பு அடுக்கி வைக்கிற கிடங்குக்கு இருக்கிற விதி, தன் பிள்ளை தூங்குகிற கூடத்துக்கு இல்லையா?

சமையல்காரருக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பட்டாபிராமன் வீட்டுக்கு அடித்தாள், பூஜையில் இருக்கிறார் என்றார்கள். தோட்டக்காரக் கிழவரோ, "மாலூம் நஹி, தாயி" என்று கையை விரித்துவிட்டார். பிள்ளையார் மாடத்தின் பக்கத்தில் தேங்காய் உடைக்கிற கருங்கல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, வேண்டாம்மா! மாமா திட்டுவார்!" என்று பிரணவ் கத்தினான்.

முதல் அடியில் கல்தான் சறுக்கியது. இரண்டாவதில் விரல் நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்த அடுத்த அடியில் கொண்டி கழன்று விழுந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொல்லைக்கு ஓடினார்கள். ஹர்ஷாவைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டி, தன் பையிலிருந்த பிரணவின் புது வேஷ்டியைக் கட்டிவிட்டாள். பையனுக்கு உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பல் டாக்டர் நேரம் போயே போய்விட்டது.

சாயங்காலம் பட்டாபிராமன் வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இது என்ன காரியம், வைஜயந்தி?"

"நான் கேக்க வேண்டியதை நீங்க கேக்கறேள், மாமா."

"போன வருஷம் ரெண்டு பசங்க ஓடிப் போயிட்டா, தெரியுமா நோக்கு? ஒருத்தன் லோனாவ்லா பிளாட்பாரத்துல கிடைச்சான். பக்கத்துல ரயில்வே லைன் போறது. ஏதாவது ஆயிருந்தா அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? பூட்டறது அவா நல்லதுக்குத்தான்."

"ஓடறான்னா ஏன் ஓடறான்னு கேளுங்கோ. பூட்டு போட்டா நெருப்புப் பிடிச்சாலும் ஓட முடியாதே." மூச்சு வாங்கிக்கொண்டு மேலே கேட்டாள். "கணக்கு வாத்தியார் எங்கே? பசங்களைக் கேட்டேன். ஒரு வருஷமா வரதே இல்லையாமே."

"நின்னுட்டார். வேற ஆள் பாத்துண்டிருக்கேன்."

"இதையெல்லாம் யார் வந்து பாக்கறா, மாமா? ஒரு இன்ஸ்பெக்டராவது வருவாரா?"

பட்டாபிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை. "யாரும் வர முடியாது. கல்வி உரிமைச் சட்டத்துலேயே வேத பாடசாலைக்கு விலக்கு உண்டு. இன்னிக்கு கக்கூஸ் பாக்கறேன்னு வருவான். நாளைக்கு இந்த மந்திரம் வேண்டாம், அதைச் சொல்லிக் குடுன்னுவான். கோயில்ல பாக்கலையா நாம? ஒரு தடவை உள்ளே விட்டா வெளியே போக மாட்டான் கவர்மெண்ட்."

அந்தப் பயம் பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்: "சட்டம் விலக்கி வெச்சது வேதத்தை. கொழந்தைகளை இல்லை."

பல்லைக் காட்டுவதற்காக அன்றிரவே பிரணவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மறுநாள் அவன் டிரங்குப் பெட்டியும் பின்னாலேயே வந்து இறங்கியது. பூட்டை உடைத்ததற்குத் தாயார் மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் பையனைச் சேர்த்துக்கொள்வதற்கில்லை என்று கூடவே ஒரு கடிதம்.

*

பிரணவ் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அப்பாவிடம் பேசுவான், சாப்பாடு வேண்டுமானால் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவான். விடிந்ததும் பால்கனியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பான். எதிர்வரி சொல்ல ஆள் இல்லாததால் தானே இரண்டு குரலாகச் சொல்வான். அவள் சமையலறையில் நின்று கேட்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "நான் பண்ணினது தப்பாடா?" என்று கேட்டேவிட்டாள்.

"ஹர்ஷாவுக்குத் திறந்தது தப்பில்லை" என்றான். பத்து நாளில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஆனா என் பாடசாலையை நீ ஏன் மாமா கிட்ட ஜெயில் மாதிரிப் பேசினே? அது என்னோட இடம்."

கோவிந்தராஜன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு வார்த்தை ஸாரின்னு சொல்லிடேன். பையனுக்காக."

"பையனுக்காகத்தான் சொல்ல மாட்டேன்" என்றாள். "நான் ஸாரி சொன்னா அடுத்த நாள் புதுப் பூட்டு வரும்."

கோயில் மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகப் போனாள். எழுந்து நின்று, வெளியிலிருந்து ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கிற ஏற்பாடு வேண்டும் என்றாள். பட்டாபிராமனின் மனைவி விசாலாக்ஷி முதல் வரிசையிலிருந்து திரும்பினாள்.

"கவர்மெண்டைக் கூப்பிடணும்கறியே, முதல்ல மதரஸாவுல போய்க் கேட்டுட்டு வா. அங்கே கேக்கத் தைரியம் உண்டா? நம்மாத்துல வந்துதான் உன் வீரமெல்லாம்!"

மண்டபத்தில் கைதட்டல். அதைவிட வைஜயந்தியை அடித்தது பின்னால் எழுந்து நின்ற சுஷ்மாவின் பேச்சு. சுஷ்மா ஹர்ஷாவின் அம்மா. ஆகுர்டியில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். புருஷன் இல்லை.

"மாமி, நீங்க என் கொழந்தையைக் குளிப்பாட்டினேள். மறக்க மாட்டேன். ஆனா இதை மூடிட்டா உங்க புள்ளை கான்வென்ட்டுக்குப் போவான். என் புள்ளை எங்கே போவான்? எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் கலைச்சுடாதேங்கோ."

வைஜயந்தி பையை எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கினாள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் சுஷ்மாவின் குரல்தான் காதில். மூடக் கூடாது. அதே சமயம் விட்டுவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்று பட்டது.

*

விசாலாக்ஷி கேலியாகச் சொன்னதை வைஜயந்தி நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். டெப்போவில் அவள் பிரிவில் இஸ்மாயில் என்று ஒருவர். ஆம்பூர்க்காரர், அப்பா காலத்தில் தோல் வியாபாரத்துக்காக கேம்புக்கு வந்த குடும்பம். மதிய இடைவேளையில் அவர் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்.

"இஸ்மாயில், உங்க தங்கை பையன் மதரஸாவுல தங்கிப் படிக்கறான் இல்லே? அங்கே கதவை வெளியே பூட்டுவாளா?"

இஸ்மாயில் டிபன் டப்பாவை மூடி வைத்தார். அப்புறம் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"பூட்டறதில்லை மேடம். பூட்டத் தேவையே இல்லை. மூணாவது மாடி, ஒரே படிக்கட்டு, அதுலயும் பாதி சாமான். ஓதிக் குடுக்கற ஹஸ்ரத் ஒருத்தர் பிரம்பை ரொம்ப நம்பறவர். நான் போய்க் கேட்டேன். ஜமாஅத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீ என்ன சர்க்கார் ஆளா? தைரியம் இருந்தா முதல்ல பாடசாலையிலே போய்க் கேளு'ன்னாங்க."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

"அப்போ ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுடலாமே" என்றாள் வைஜயந்தி.

இஸ்மாயிலின் சிரிப்பு அணைந்தது. "உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி இல்லை மேடம். உங்க பேரு வந்தா உங்க ஆளுங்க திட்டுவாங்க, அதோட போச்சு. என் பேரு வந்தா டிவிக்காரன் மதரஸா வாசல்ல வந்து நிப்பான். அப்புறம் யாராவது புல்டோசர்னு பேசுவான். படிக்கட்டு கேக்கப் போயி எங்க புள்ளைங்க கட்டிடத்தையே இழந்துட்டா?"

அவள் மேலே வற்புறுத்தவில்லை. அன்று எழுந்து போய்விட்டாள். ஆனால் மறுபடி மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஒரு தடவை அவரோடு போய் மதரஸாவையும் பார்த்துவிட்டு வந்தாள். ஒருநாள் அவரே சொன்னார்: "ஒரு ஷரத்து. ஒரே மனு. ரெண்டுக்கும் ஒரே வாக்கியம். எந்த இடத்தோட பேரும் முன்னாடி வரக் கூடாது. பிள்ளைங்க தங்கிப் படிக்கற எல்லா மதப் பள்ளிக்கும்னு இருக்கணும்."

"இன்னொண்ணும் எழுதணும்" என்றாள் அவள். "வேதத்துலயோ குர்ஆன்லயோ ஒரு எழுத்தைத் தொட கவர்மெண்டுக்கு அதிகாரம் கிடையாது. அதை முதல்ல போடுங்கோ. அப்புறம் மத்தது."

மத்தது என்று அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே பூட்டாத கதவு. இரண்டாவது படிக்கட்டு. சுத்தமான கழிப்பறை. மாதம் ஒருமுறை டாக்டர். அடி கூடாது. கணக்கும் ஒரு மொழியும் தினமும். இவற்றைப் பார்ப்பதற்கு, முன்கூட்டிச் சொல்லாமல் வருகிற ஓர் ஆள். இருவரும் கையெழுத்துப் போட்டு, மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கிற அதிகாரிக்கு ஒரு பிரதியும், சட்டம் செய்கிறவர்களுக்கு ஒரு பிரதியும் அனுப்பினார்கள்.

விஷயம் வெளியே வர நாளாகவில்லை. பாடசாலை வாட்ஸப் குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். வழக்கமாக வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள் அந்த நவராத்திரிக்கு வரவில்லை. அவள் வழக்கம்போலக் கொலு வைத்தாள், சுண்டல் செய்தாள், செய்ததை டெப்போவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். இஸ்மாயிலைப் பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். 

ஒரு ஞாயிறு மனோஜ் என்று ஒருவன் கார் போட்டுக்கொண்டு வீடு தேடி வந்தான். ஏதோ ஓர் அமைப்பின் இளைஞர் தலைவன். கூடவே கேமராவோடு ஒருத்தன். "நமஸ்தே தாயி" என்று காலைத் தொட்டான். இந்தியில் தேனாகப் பேசினான். மதரஸாவைப் பற்றி மட்டும் அவள் பேசினால் போதுமாம். மறுநாளே மந்திரி வரைக்கும் போகுமாம். பாடசாலை விஷயத்தை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம்.

"நீங்க மதரஸாவுக்குள்ள போயிருக்கேளா?" என்று கேட்டாள்.

"போக வேண்டியதில்லை தாயி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"நான் போயிருக்கேன். அங்கே ஒரு பையன் என்னைப் பாத்ததும் ஓடிப் போய்த் தண்ணி கொண்டு வந்து குடுத்தான். அவனுக்குப் படிக்கட்டு வேணும். உங்களுக்கு வேண்டியது வேற ஏதோ." வாசலில் கழற்றிவிட்டிருந்த ஷூவைக் காட்டினாள். "போட்டுண்டு கிளம்புங்கோ."

அவன் போன பிறகுதான் பிரணவ் அறையிலிருந்து வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றிருப்பதைக் கவனித்தாள்.  கதவை அவன்தான் சாத்தினான்.

*

தீபாவளி கழிந்து குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வந்தாள். பெயர் ரீனா. இளம்பெண்; ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மதரஸாவுக்கும் அதே வாரம்தான் போனாள், கேமரா இல்லாமல். இஸ்மாயில் அதைக் கேட்டு வாங்கியிருந்தார்.

பாடசாலைக்கு வைஜயந்தியையும் மற்றப் பெற்றோரையும் வரச் சொல்லி, ரீனா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். கூடத்தில் இப்போது சாதாரணத் தாழ்ப்பாள்தான். ஆனால் மற்றது எதுவும் மாறவில்லை. விடுதியாகப் பதிவு செய்ய வேண்டும், தீயணைப்புச் சான்று வேண்டும் என்று சொன்னதும் பட்டாபிராமன் கையை உதறினார்.

"பதிவு பண்றதுக்குப் பதிலா மூடிடறேன். பசங்களைக் கூட்டிண்டு போகச் சொல்றேன். நேக்கும் வயசாச்சு" என்றார் தமிழில். அதை வைஜயந்திதான் மராத்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

ரீனா சங்கடப்படாமல் சொன்னாள். "அப்படியானால் பிள்ளைகளை அரசு விடுதிக்கு மாற்றி வழக்கமான பள்ளியில் சேர்த்துவிடலாம். அவர்களுக்கு அதுதான் நல்லது."

ஓரமாக நின்றிருந்த சுஷ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வைஜயந்தி முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், நான் உங்களைக் கூப்பிட்டது கதவைப் பாக்க. பசங்களை அள்ளிண்டு போக இல்லை" என்றாள் மராத்தியில். "இவங்க இங்கே ஆசைப்பட்டு வந்தவங்க. என் பையனும்தான். ஒரு பையனை எடுத்தாலும் நான் இந்த வாசல்ல உக்காந்துடுவேன்."

"நீங்கள்தானே புகார் கொடுத்தது?"

"ஆமாம். கொடுத்தது நான்தான். தடுக்கறதும் நான்தான்."

ரீனா பேனாவை மூடினாள். கோபப்படவில்லை. "பாடத்தில் தலையிடக் கூடாது என்கிறீர்கள். கணக்கும் சொல்லித் தர வேண்டும் என்கிறீர்கள். கணக்கும் பாடம்தானே? எங்கே கோடு போடுவது?"

நியாயமான கேள்வி. வைஜயந்தி யோசித்தாள். "அவங்க சொல்லித் தரதை நீங்க குறைக்காதீங்க. சொல்லித் தராததைச் சேர்க்கச் சொல்லுங்க. ஒரு பையன் பதினெட்டு வயசுல வேதமே போதும்னா இருக்கட்டும். வேண்டாம், பாங்க் பரீட்சை எழுதறேன்னா அதுக்கும் கையில ஏதாவது இருக்கணும். கோடு அங்கேதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பிறகு பட்டாபிராமன் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள். "மாமா, மூடறேன்னு மட்டும் சொல்லாதேங்கோ. நீங்க மூடினாலும் இதே வாசல்ல உக்காருவேன். உங்களை விட மாட்டேன், அவாளையும் விட மாட்டேன்."

யாரும் எதிர்பார்க்காமல் அதுவரை வாயே திறக்காத சேஷு கனபாடிகள், "பதிவு பண்ணிடுங்கோ, அண்ணா. சர்க்கார் வந்து உக்காந்தாலும் நான் சொல்றதைத்தானே சொல்லப் போறேன். கேட்டுட்டுப் போகட்டும், அவாளுக்கும் புண்ணியம்" என்றார். இறுக்கம் உடைந்து, ரீனாவே என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னதும் சிரித்தாள்.

பட்டாபிராமன் சிரிக்கவில்லை. ஆனால் அந்த மாதமே பதிவுக்கு எழுதிப் போட்டார். தகரக் கூரைக்கு அடியில் தட்டி வைத்து, பின்பக்கச் சுவரை இடித்து இன்னொரு கதவு போட்டார். தலேகாவிலிருந்து ஒரு மராத்தி டீச்சர் கணக்குச் சொல்லித்தர வருகிறாள். மதரஸாவில் படிக்கட்டுச் சாமான்களை எடுத்தார்கள். இரும்புப் படி ஒன்று வெளிப்பக்கம் ஏறியது. பிரம்பு ஹஸ்ரத் இன்னும் இருக்கிறார், பிரம்பு இல்லாமல். இஸ்மாயிலைக் கமிட்டியில் திரும்பச் சேர்க்கவில்லை.

வைஜயந்தி மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டாபிராமனும் விடவில்லை. பொங்கல் வந்தது, போனது. ஒரு காலை பிரணவ் அப்பாவின் போனை வாங்கித் தானே அவரைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு, அம்மா முன்னாலேயே பேசினான்.

"மாமா, எங்கம்மா மன்னிப்புக் கேக்க மாட்டா. நான் கேட்டுப் பாத்துட்டேன். அவ பண்ணினது சரின்னு நேக்கும் தோண்றது. ஆனா நேக்குப் பாடம் விட்டுப் போயிண்டிருக்கு. நான் வரலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கோ."

போனில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"எதுவரைக்கும் ஆயிருக்கு?" என்று கேட்டார் பட்டாபிராமன். பிரணவ் சொன்னான். "மத்தவா ரொம்ப தூரம் போயிட்டா. கஷ்டப்படணும்" என்றார். "வெள்ளிக்கிழமை நாள் நன்னாயிருக்கு. வந்து சேரு."

வைஜயந்தி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கோவிந்தராஜன் அந்தப் பக்கம் வரவில்லை.

இன்றும் அவளை அந்த வாட்ஸப் குழுவில் சேர்க்கவில்லை. பிரணவைப் பார்க்க இஷ்டப்பட்ட நாளில் போகிறாள். ஹர்ஷா இப்போது வாய்ப்பாட்டைச் சந்தம் போட்டுச் சொல்கிறானாம். சுஷ்மா போனில் சொல்லிச் சிரிக்கிறாள். சட்டம் செய்கிறவர்களுக்கு அனுப்பிய பிரதிக்குப் பதில் எதுவும் வரவில்லை. அதனால் இந்த முறை அவளும் இஸ்மாயிலும் நேரிலேயே மும்பைக்குப் போய்க் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். லீவு கேட்டு அவள் மேஜைக்கு வந்த இஸ்மாயில், "போனா மட்டும் கேட்டுடுவாங்களா மேடம்?" என்றார்.

"கேக்கலைன்னா அடுத்த மாசமும் போவோம்" என்றாள் வைஜயந்தி. அவர் லீவு விண்ணப்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டாள், பிறகு தன்னுடையதை எழுத உட்கார்ந்தாள்.